தூக்கில் போனவர் 1889இல் காணி வாங்கினாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் வாரமலரில் கொள்ளைக்காரர் உதுவன்கந்த சரதியேல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதலில் ஒரு திருத்தம். சரதியேலும் அவர் கூட்டாளி மம்மலி மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டது 1864 மே 7ஆம் திகதி. நீங்கள் 1846 என்று போட்டிருந்தீர்கள். அச்சுப் பிழைதான், விளங்குகிறது. ஆனால் 1846இல் சரதியேலுக்குப் பதினாலு வயது. காணி உறுதிப் பத்திரத்தில் இப்படி இரண்டு இலக்கம் இடம் மாறியதால் கோர்ட்டில் பத்து வருஷம் இழுபட்ட காணி வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையின் கடைசியில், சரதியேலின் வம்சம், மரிக்காரின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் நாட்டில் பல இருக்கின்றன, அவர்கள் முன்வந்து டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொண்டால் உண்மை வெளியே வந்துவிடும், அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இப்படித்தான் செய்தார்கள் என்று எழுதியிருந்தது. அந்தக் குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. பரிசோதனையும் செய்தாயிற்று. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் புதுக்கடையில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் 38 வருஷம் எழுதுநராக இருந்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானம் படித்தவன் இல்லை. உறுதி எழுதுவது, காணிப் பதிவகத்தில் போய் உரித்துத் தேடுவது, யார் யாருக்கு என்ன பங்கு என்று கணக்குப் பார்ப்பது, இதுதான் என் தொழில். யோசித்துப் பார்த்தால் வம்சம் தேடுவதும் கிட்டத்தட்ட இதே தொழில்தான்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மருதானையில் எங்கள் பழைய வீட்டின் பின் விறாந்தையில் மூத்தம்மா, அதாவது உம்மாவின் உம்மா, பாக்கு வெட்டிக்கொண்டிருப்பார். மஃரிபுத் தொழுகைக்கு அப்புறம் நாங்கள் ஐந்தாறு பிள்ளைகள் சுற்றி உட்காருவோம். கொழும்பு கண்டி வீதியில் வண்டிகளை மறித்ததில் தொடங்கி, மாவனல்லையில் வீட்டைப் போலீஸ் வளைக்கும் இடத்துக்கு வருவார். அந்த இடத்தில் கதை நிற்கும். பாக்குவெட்டிக்கு நடுவில் ஒரு முழுப் பாக்கை வைத்து எங்கள் முகங்களைப் பார்ப்பார். அப்புறம் டக்கென்று வெட்டுவார். அதுதான் மரிக்கார் வைத்த துவக்கு வெடி. பாக்குத் துண்டு சில நேரம் எங்கள் மேலேயே வந்து விழும். "அவரு எங்கட ஆள். அவர்ட மகள்தான் என்ட வாப்பாட உம்மா" என்று கதை முடியும்.

அந்த வெடியில் செத்தவர் கான்ஸ்டபிள் துவான் சபான். மலாய்க்காரர். 1864 மார்ச் 21. இந்த நாட்டில் கடமையில் இருக்கும்போது உயிரிழந்த முதல் பொலிஸ்காரர் அவர்தான். அதனால்தான் பொலிஸ் திணைக்களம் வருஷா வருஷம் மார்ச் 21ஐ நினைவுகூருகிறது. மூத்தம்மாவின் கதையில் அவர் வெறும் "ஒரு போலீஸ்காரன்". அவருக்கும் ஒரு வீடு, ஒரு விறாந்தை இருந்திருக்கும் என்று எனக்கு ஐம்பது வயது தாண்டித்தான் உறைத்தது.

தங்கச்சியின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் தள்ளுபடி விலையில் வந்ததென்று டி.என்.ஏ. பெட்டி இரண்டு வாங்கினான். ஒன்றை டோஹாவில் இருக்கும் என் மகனுக்குக் கொடுத்தான். ஒரு சின்னக் குழாயில் துப்பி மூடி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். சில வாரம் கழித்துக் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் மருமகனின் செய்தி வந்தது: "மரிக்கார் வம்சம் உறுதியாயிற்று!" கீழே ஐந்து துப்பாக்கிப் படம். உறுதி என்ற சொல்லை இவ்வளவு லேசாகப் பாவிக்கிறானே என்று எனக்கு முதலில் பட்டது அதுதான். தொழில் புத்தி.

அனுப்பியிருந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தென்னிந்தியா, இலங்கை மேல் ஒரு நிறம். ஓரத்தில் அரபு நாட்டுப் பக்கம் ஒரு சிறு பொட்டு. அவ்வளவுதான். இது எப்படி மம்மலி மரிக்காரைக் காட்டுகிறது என்று கேட்டேன். "மாமா, எங்களுக்குத்தான் கதை இருக்கே, இது அதோட பொருந்துது" என்றான். பேருவளையிலிருந்து பொத்துவில் வரை எத்தனை குடும்பத்தோடு அந்தப் படம் பொருந்தும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை சந்தோஷமாக இருந்தான்.

ஆனால் அன்று இரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். மரிக்கார், அவர் மகள், அவளின் மகன், மூத்தம்மா, உம்மா, நான். ஐந்து படி. படிக்குப் படி பாதி. ஆக எனக்கு 1/32. மருமகனுக்கு 1/64. பழைய கொழும்புத் தோட்டங்களில் இப்படிப் பங்குகளை நிறைய எழுதியிருக்கிறேன். "பிரிபடாத 1/64 பங்கு" என்று உறுதியில் இருக்கும். அந்த ஆள் கதிரை போட்டு உட்காரக்கூட அந்தப் பங்கு காணாது.

அதுவும் காணியில் 1/64 என்றால் 1/64தான். இரத்தத்தில் அப்படி இல்லையாம். தாய் தகப்பனிடமிருந்து பாதிப் பாதி வருவது நிச்சயம். ஆனால் அந்தப் பாதிக்குள் பாட்டன் பங்கு எவ்வளவு, பாட்டி பங்கு எவ்வளவு என்பது சீட்டுக் குலுக்குவது மாதிரி. ஐந்து படி மேலே ஒரே மூதாதைத் தம்பதி வழியில் வந்த தூரத்துச் சகோதரங்கள் இரண்டு பேரைப் பரிசோதித்தால், கிட்டத்தட்ட பாதிச் சோடிகளில் பொதுவான துண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. உறவு பொய்யில்லை. துண்டு வந்து சேரவில்லை. மருமகனின் எச்சிலில் மரிக்காரின் துண்டு ஒன்று இருந்தாலும், அது அவருடையது என்று சொல்ல எதோடு வைத்துப் பார்ப்பது? அவர் எலும்பு வேண்டும், அல்லது அவர் உறவு என்று பத்திரத்தோடு நிரூபித்த வேறொரு ஆள் வேண்டும். எங்களிடம் இருப்பது பாக்குவெட்டி மட்டும்தான்.

ஆண் வழி, பெண் வழி என்று தலைமுறைக்குத் தலைமுறை கலையாமல் வரும் இரண்டு சரடு உண்டு. உங்கள் கட்டுரை அதைத் தொட்டது, ஆனால் போதுமான அளவு விளக்கவில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது வை நிறமூர்த்தம். தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போவது இழைமணி டி.என்.ஏ. இரண்டாவதை என் மனைவிக்கு விளக்கப் போய் நான்தான் பாடம் படித்தேன். அவள் காத்தான்குடி. "இதென்ன புதினம், எங்கட குடி மாதிரித்தானே" என்றாள். மட்டக்களப்புப் பக்கம் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியில் வரும். ஆம்பிளைக்கும் ஒரு குடி உண்டு, அவன் உம்மாவின் குடி. ஆனால் அவன் பிள்ளைகளுக்கு அது போகாது, அவர்களுக்கு அவன் மனைவியின் குடி. இழைமணி அப்படியே அச்சொட்டாக அதுதான். கதைப்படி மரிக்காருக்கு மகள். அதனால் ஆண் சரடு அங்கேயே அறுந்தது. அவர் ஆம்பிளை, அதனால் அவரின் இழைமணி அந்த மகளுக்கு வரவே இல்லை. எங்கள் கதை உண்மையாகவே இருந்தாலும், இந்த இரண்டு சரடும் எங்களுக்கு உதவாது.

அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் சரிவந்தது எப்படி என்றால், அங்கே சாட்சி சொன்னது கொள்ளையனின் பிள்ளைகள் இல்லை, சகோதரிகளின் வழி. அமெரிக்கக் கொள்ளையன் ஜெஸ்ஸி ஜேம்ஸை 1882 ஏப்ரல் 3ஆம் திகதி, சுவரில் இருந்த படத்தைச் சரிசெய்யக் கதிரையில் ஏறியபோது, சொந்தக் கூட்டாளி ராபர்ட் ஃபோர்டு பின்னாலிருந்து சுட்டான். செத்தது அவரில்லை, தப்பிவிட்டார் என்ற கதை அப்போதிருந்தே உண்டு. 1995இல் மிசூரி மாநிலத்தில் கார்னி என்ற ஊரில் கபுறைத் தோண்டினார்கள். எலும்பு உக்கிப்போயிருந்தது. பல்லும் முடியும்தான் கைகொடுத்தன. ஜெஸ்ஸியின் சகோதரி சூசனின் பெண் வழியில் வந்த இரண்டு பேரின் இழைமணியோடு ஒத்துப்போனது. 2001இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. இதில் நான் கவனித்தது பல்லை இல்லை, சூசனை. சூசனின் மகள் யார், அவள் மகள் யார் என்று நூறு வருஷத்துக்குமேல் பத்திரம் இருந்தபடியால்தான் யாருடைய இரத்தத்தை எடுப்பது என்று தெரிந்தது.

அவுஸ்திரேலியக் கொள்ளையன் நெட் கெல்லி விஷயமும் அப்படித்தான். இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு பொலிஸோடு சண்டை பிடித்தவர். 1880 நவம்பர் 11இல் மெல்பேர்ன் சிறையில் தூக்கிலிட்டார்கள். அங்கேயே புதைத்து, 1929இல் கட்டட வேலைக்காக எலும்புகளை அள்ளிப் பென்ட்ரிஜ் என்ற வேறு சிறைக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். 2009இல் அங்கே தோண்டினால் பலருடைய எலும்புகள் கலந்து கிடந்தன. 2011இல், கெல்லியின் சகோதரி எலனின் பெண் வழியில் வந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் இரத்தத்தோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடித்தார்கள். அவரைப் பிடித்தபோது பட்ட வெடிக் காயங்களும் எலும்பில் இருந்தன. ஆனால் மண்டையோட்டில் பெரும்பகுதி இல்லை. கெல்லியின் மண்டையோடு என்று பல வருஷம் காட்சிக்கு வைத்து, 1978இல் களவுபோய், 2009இல் ஒருவர் திருப்பிக் கொடுத்த மண்டையோடு இருக்கிறதே, அது கெல்லியுடையதே இல்லை என்று அதே டி.என்.ஏ. சொல்லிவிட்டது. 2013இல் குடும்பத்தார் மண்டையோடு இல்லாமலேயே அடக்கம் செய்தார்கள்.

பிழைத்த கதைகளையும் உங்கள் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். நான்தான் உண்மையான ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்று 1948இல் ஒரு கிழவர் கிளம்பினார். டால்டன் என்று பெயர். 1951இல் டெக்சாஸில் கிரான்பரி என்ற ஊரில் செத்தார். 2000இல் அவரைத் தோண்டப் போனார்கள். தோண்டி எடுத்தால் ஒரு கை இல்லாத வேறு ஆள்! கபுறுக் கல் பக்கத்துக் குழிக்கு மேலே நின்றிருக்கிறது. இதை வாசித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லைக் கல் இரண்டடி தள்ளி நட்டிருந்ததால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன குடும்பங்கள் எத்தனை பேருக்கு நான் ஆவணம் எழுதியிருப்பேன். பொலிவியாவில் சான் விசென்ட்டே என்ற ஊரில் அமெரிக்கக் கொள்ளையர்கள் புட்ச் காசிடியும் சண்டான்ஸ் கிட்டும் என்று நினைத்து 1991இல் தோண்டியதும் இதே கதை. கிடைத்தது ஒரு ஜெர்மன் சுரங்கத் தொழிலாளி. இன்னொரு அமெரிக்கக் கொள்ளையன் பில்லி த கிட் படுத்திருக்கும் ஃபோர்ட் சம்னர் மையவாடியில் 1904இல் வெள்ளம் புகுந்து அடையாளப் பலகைகளை அள்ளிக்கொண்டு போனது. அவருக்கு இன்றைக்கு ஒரு கல் இருக்கிறது, சரியாக அதற்குக் கீழேதான் இருக்கிறார் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

எங்கள் பக்கம் கல்லும் இல்லை. கொழும்பில் எங்கள் மையவாடிகளில் இடம் எவ்வளவு நெருக்கடி என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். வாப்பாவை அடக்கிய இடத்தை நான் இன்றைக்குக் காட்டச் சொன்னால், "இந்தச் சுவருக்கும் அந்த மரத்துக்கும் நடுவில" என்றுதான் காட்டுவேன். அதற்கு மேலே யார் யாரோ வந்துவிட்டார்கள். 1864இல் தூக்கில் போன ஒருவரின் கபுறைக் கிண்டி எலும்பு எடுக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டால், தயவுசெய்து அந்த மனிதரைச் சும்மா விடச் சொல்லுங்கள்.

எலும்பு இல்லாவிட்டால் என்ன, பத்திரம் இருக்கிறதே. ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த ஒரே உருப்படியான வேலை, உம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்ததுதான். கறையான் ஓரத்தைத் தின்ற ஒரு நன்கொடை உறுதி, 1911. ஆறேகால் பேர்ச்சஸ், மருதானை. கொடுப்பவர் மூத்தம்மாவின் வாப்பாவின் உம்மா. அதாவது கதையில் வரும் அந்த மகள். வாங்குபவர் அவர் மகன். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் அடையாளம், ஊதா மையில், ஒரு பக்கம் கொஞ்சம் இழுபட்டு. சாட்சி இரண்டு பேர். அந்தப் பெருவிரலுக்குப் பக்கத்தில் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். ஏன் என்று தெரியாது.

அப்புறம் தொழில்காரன் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். உரித்து எப்படி வந்தது என்று சொல்லும் பந்தி. அந்தக் காணி அவருக்கு அவர் வாப்பாவிடமிருந்து முதுசமாக வந்தது. வாப்பாவுக்கு எப்படி வந்தது? 1889ஆம் ஆண்டு உறுதிப்படி விலைக்கு வாங்கியது. ஆளின் விபரம்: பேருவளையைச் சேர்ந்தவர், வியாபாரி, தற்போது மருதானையில் வசிப்பவர். பெயரின் கடைசியில் மரிக்கார்.

கண்டியில் தூக்கில் போனவர் இருபத்தைந்து வருஷம் கழித்து மருதானையில் காணி வாங்க முடியாது. நான் ஒரு நிமிஷம் பெட்டியை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மரிக்கார் என்பது எங்கள் ஆட்களுக்குள் பள்ளிவாசல் பொறுப்பில் இருந்தவர்களுக்கும் வந்த பட்டம். பேருவளையில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு மரிக்கார் மேலே விழும். மருதானைக்குப் புதிதாக வந்த ஒரு மரிக்காரை யாரோ பகிடிக்கு "கொள்ளைக்கார மரிக்கார்" என்று கூப்பிட்டிருப்பார்கள், பகிடி போய்க் கதை மட்டும் நின்றிருக்கும். இது என் ஊகம்தான். பத்திரத்தில் பகிடியைப் பதிய மாட்டார்கள்.

உறுதியை என் ராத்தாவிடம், மூத்த சகோதரியிடம், கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அவருக்கு 84 வயது, கண் மங்கிவிட்டது, ஆனால் காது கூர்மை. 1889 என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பிடியெண்டா தூக்குல போட்டது வேற ஆளத்தான்" என்றார். "அவரு தப்பிப் பேருவளைக்கு வந்து ஈந்திருக்கார்." பேரைக்கூட மாற்றாமலா ராத்தா, என்றேன். "அதுக்கென்ன, எல்லாரும் மரிக்கார்தானே" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கிரான்பரிக் கிழவரை நம்பிய ஆட்களும் இப்படித்தான் பேசியிருப்பார்கள். அங்கே பல்லே சாட்சி சொன்ன பிறகும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். ராத்தாவை நான் எப்படிக் குறை சொல்வது?

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் உங்கள் கட்டுரை எல்லாரையும் துப்பச் சொல்கிறது. அதனால் மிச்சத்தையும் எழுத வேண்டியிருக்கிறது.

போன வருஷம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மருமகன் கூப்பிட்டான். "மாமா, இத குரூப்பில போடல்ல. உங்களுக்கு மட்டும்" என்றான். பரிசோதனை நிறுவனம் உறவுக்காரர் பட்டியல் ஒன்று கொடுக்கும். அதில் புதிதாக ஒருவர் மேலே வந்திருக்கிறார். மருமகனோடு பகிர்ந்த பங்கு எட்டில் ஒன்றுக்குக் கிட்ட. என் மகனின் பட்டியலிலும் அதே ஆள், அதே அளவு. எட்டில் ஒன்று என்றால் சொந்த மாமாவின் பிள்ளை, அல்லது உம்மாவின், வாப்பாவின் பாதிச் சகோதரம். எங்களுக்குத் தெரிந்த பெரியவர்களில் அப்படி யாரும் இல்லை.

ஆள் மெல்பேர்னில் இருக்கிறார். பிறந்தது கொழும்பில், 1958. தாய் பறங்கிப் பெண், கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்தாளர். தகப்பன் பெயரைத் தாய் கடைசிவரை சொல்லவில்லை. அறுபதுகளில் குடும்பத்தோடு போய்விட்டார்கள். எங்கள் வாப்பா அதே கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளர். 1958இல் எனக்கு ஐந்து வயது. அந்த வருஷம் வாப்பா எனக்கு ஒரு கப்பல் பொம்மை வாங்கித் தந்தது ஞாபகம் இருக்கிறது.

ஆக, 1864ஐக் கேட்டோம், அது வாயே திறக்கவில்லை. யாரும் கேட்காத 1958ஐப் பிசகில்லாமல் சொல்லிவிட்டது. கிட்டத்து உறவுக்கு அந்தப் பரிசோதனை அவ்வளவு கெட்டி. 2018இல் கலிபோர்னியாவில் பல வருஷம் அகப்படாத ஒரு கொலைகாரனைப் பிடித்ததும் இப்படித்தான். அவன் துப்பவில்லை. வம்சம் தேடத் தங்கள் விபரத்தைப் பொதுவில் போட்டிருந்த தூரத்து உறவுக்காரரிலிருந்து கிளை பிடித்துப் போனார்கள். அது நல்ல காரியம், சரி. ஆனால் அந்தத் தூரத்து உறவுக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் ஒரு பேர்ச் காணியைக் கைமாற்ற 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் வேண்டும், இரண்டு சாட்சியும் வேண்டும். வாப்பாவின் விஷயம் கைமாற மருமகன் ஒரு குழாயில் துப்பினது போதுமாக இருந்தது. வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. உம்மாவுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க இனி ஆளில்லை.

பேப்பரை ராத்தாவுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். இந்தக் கடிதத்தை நீங்கள் பிரசுரித்தால் அன்றைக்கு அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிவிடுவேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்பதும் அதனால்தான்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். டி.என்.ஏ. கொடுக்க வாருங்கள் என்று வாசகர்களைக் கூப்பிட்ட அதே இடத்தில், முதலில் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லியும் இரண்டு வரி போடுங்கள். பழைய உறுதி, கலியாணப் பதிவு, பள்ளிவாசல் கணக்குக் கொப்பி, கோயில் வரவுப் புத்தகம், தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவு, எது கிடைத்தாலும். கறையானுக்கு முந்திப் படமாவது எடுத்து வைக்கட்டும். வீட்டில் பாக்கு வெட்டும் கிழவிகள் மிச்சம் இருந்தால் அவர்கள் சொல்வதை ஃபோனில் பிடித்து வைக்கட்டும். பொய்க் கதையாக இருந்தாலும் பரவாயில்லை. பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்றால், வீட்டில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. மரிக்காரின் பெயரை எடுக்கும் இடத்தில் சபானின் பெயரையும் எடுங்கள். உங்கள் கட்டுரையில் அவர் ஒரு இடத்தில்கூட இல்லை.

மெல்பேர்ன்காரர் மருமகனுக்கு எழுதியது போய், இப்போது எனக்கே எழுதுகிறார். நல்ல ஆங்கிலம், மரியாதையான மனிதர். வாப்பாவின் படம் ஒன்று கேட்டார், அனுப்பினேன். போன கிழமை வந்த கடிதத்தில், "உங்கள் மருமகன் தன் பக்கத்தில் நீங்கள் சரதியேலின் கூட்டாளி மரிக்காரின் வம்சம் என்று எழுதியிருக்கிறாரே, உண்மையா? என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது" என்று கேட்டிருந்தார். அந்தக் கதை உம்மாவின் பக்கத்துக் கதை. இவர் வாப்பாவின் பிள்ளை. கதை மெய்யென்றாலும் இவருக்கு அதில் 1/64 பங்குகூடக் கிடையாது. 38 வருஷம் பங்கு எழுதியவன், இந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்து மூன்று தரம் அழித்துவிட்டேன். இன்னும் பதில் போடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு எழுதுநர்,
கொழும்பு 10.
(பெயரும் முகவரியும் உங்கள் பார்வைக்கு மட்டும் தனித் தாளில் வைத்திருக்கிறேன்.)